ரிவர்ஸ்டனில் சுற்றுலா: தீர்மானிப்பது யார்? பணம் எங்கே செல்கின்றது?



"நிலைபேறான சுற்றுலாவை விருத்தி செய்ய மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகள் இரண்டு தருக" என்ற வகையான வினா புவியியலிலும் வரலாம், குடியியற் கல்வியிலும் வரலாம். மாணவர் பலர் "மக்களுக்கு விழிப்புணர்வூட்டல்", "கண்ட இடங்களில் குப்பை போடாதிருத்தல்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். இவை பிழையான விடைகள் அல்ல. ஆனால் குப்பைத் தொட்டியை வாங்கி வைப்பது யார், அதனை நாள்தோறும் அகற்றும் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பது யார், அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது என்று தொடர்ந்து கேட்டால் எழுத ஒன்றும் இருப்பதில்லை. நிலைபேறான சுற்றுலாவின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கின்றது. மாத்தளை மாவட்டத்திலுள்ள ரிவர்ஸ்டனை உதாரணமாகக் கொண்டு அதனை விளங்கிக்கொள்வோம்.

இடத்தை அறிதல்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை ஊடாகச் செல்லும் வீதி, தேயிலையும் மிளகும் கராம்பும் வளரும் சரிவுகளைக் கடந்து வளைந்து வளைந்து மேலேறுகின்றது. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் சென்றதும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு கணவாயை அடைகின்றோம். இதுவே ரிவர்ஸ்டன். தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சிக்கு இங்கிருந்து நடந்து செல்லலாம். பலத்த காற்று வீசும் இடம். குடை கொண்டு செல்வதில் பயனில்லை.

கணவாயைத் தாண்டி வீதி கிழக்கே இறங்கும்போது பிட்டவல பத்தன என்னும் புல்வெளியும், இலுக்கும்புர கிராமமும், தெல்கமு ஓயாவில் அமைந்த சேர எல்ல நீர்வீழ்ச்சியும் வருகின்றன. பிட்டவல பத்தனவின் ஓரம் செங்குத்தாக இறங்குவதால் அதனைச் "சின்ன உலக முடிவு" என்றும் அழைப்பர். நக்கிள்ஸ் மலைத்தொடர் பருவக்காற்றுகளுக்குக் குறுக்கே நிற்கின்றது. ஆகையால் ஈரமான மலைக்காடு, காற்றினால் குள்ளமாகிப்போன மரங்கள், பத்தனைப் புல்நிலம், உலர்வலயத்தை ஒத்த தாவரம் என்பவற்றைச் சில கிலோமீற்றர் தூரத்திற்குள்ளேயே காணலாம். நக்கிள்ஸ் பிரதேசத்தில் மட்டுமே வாழும் ஒரு சிறு பாறைத்தவளை இனம் பிட்டவலவின் ஈரமான பாறைப் பிளவுகளில் வாழ்கின்றது. சுற்றுலாப் பயணி படம் எடுப்பதற்காக ஏறி நிற்கும் பாறையும் இத்தகையதே என்பதை மனதிற் கொள்க.

இம்மலைகளில் ஊற்றெடுக்கும் களு கங்கை அம்பன் கங்கையுடன் சேர்ந்து மகாவலியை அடைகின்றது. களு கங்கை நீர்த்தேக்கமும் மொரகஹகந்த நீர்த்தேக்கமும் உலர்வலய வயல்களுக்கு நீர் வழங்குவதற்காக அமைக்கப்பட்டவை. எனவே நக்கிள்ஸ் சரிவில் ஒரு காடு அழிந்தால் அதன் விளைவை அனுபவிப்பவர் மாத்தளையில் மட்டும் இருக்கமாட்டார்.

இக்காடுகளைப் பாதுகாக்கும் எண்ணம் புதிதன்று. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்கலாகாது என்ற கொள்கை 1873 ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற் காடாகவும், 2007 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக்காடு ஆகியவற்றுடன் சேர்த்து "இலங்கையின் மத்திய மலைநாடு" என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இந்த ஆண்டுகளை நினைவில் வைத்திருங்கள். உதாரணத்துடன் எழுதும் விடைக்கு இவை வலுச்சேர்க்கும்.

ஒரே மலை, பல அலுவலகங்கள்

"ஆளுகை" என்ற சொல்லை "அரசாங்கம்" என்று மட்டும் விளங்கிக்கொள்ளக் கூடாது. யார் தீர்மானிக்கின்றார், எந்தச் சட்டத்தின்படி, யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பன யாவும் ஆளுகையில் அடங்கும்.

இலுக்கும்புரவுக்கு அருகே ஒரு குடும்பம் ஐந்து அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் ஒன்றைக் கட்ட விரும்புகின்றது என்று வைத்துக்கொள்வோம். காணி அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் முதலில் பிரதேச செயலகத்திற்குச் செல்ல வேண்டும். கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பது பிரதேச சபை. சரிவான நிலம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் பற்றிய சிபாரிசு தேவை. இது வெறும் சம்பிரதாயம் என எண்ண வேண்டாம்: 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகள் பேரழிவை ஏற்படுத்தின. சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசத்தினுள் காணி அமைந்தால் மத்திய சுற்றாடல் அதிகார சபை வருகின்றது. காட்டின் எல்லை வனப் பாதுகாப்புத் திணைக்களத்திற்கு உரியது. விருந்தினர் இல்லமாகப் பதிவு செய்வது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. இவற்றுள் பிரதேச சபை மட்டுமே அப்பகுதி மக்களால் தெரிவு செய்யப்படுகின்றது. ஏனையவை மத்திய அரசின் நிறுவனங்கள்.

இனி ஒரு முக்கியமான சட்ட விடயம். 1993 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி 99 அறைகளுக்கு மேற்பட்ட அல்லது 40 ஹெக்டயருக்கு மேற்பட்ட ஹோட்டல் திட்டங்கள் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்பட வேண்டும். வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட காட்டினுள் அல்லது அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமையும் ஹோட்டல் திட்டம் சிறிதாயினும் இந்நடைமுறைக்கு உட்படும். நல்ல விதியே. ஆனால் எல்லையிலிருந்து 150 மீற்றர் தள்ளி, 20 அறைகளுடன் ஒரு விடுதி வந்தால்? அந்த ஒரு விடுதியால் பெரிய தீங்கு நேராது. அதே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து அவ்வாறான இருபது விடுதிகள் வந்தால் 400 அறைகள் ஆகின்றன. ஒரே நீரூற்றிலிருந்து நீர் பெறும், ஒரே ஓயாவுக்குக் கழிவுநீரை விடும் 400 அறைகள். தனித்தனி விண்ணப்பத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம் கடமையைச் சரியாகவே செய்திருப்பார்; ஆயினும் பள்ளத்தாக்கு கெட்டுப்போயிருக்கும். இதனைத் திரண்ட தாக்கம் என்பர். தனித்தனி அனுமதிப்பத்திரத்தினால் இதனைத் தடுக்க முடியாது. எங்கு கட்டலாம், எங்கு கட்டக்கூடாது, மொத்தமாக எத்தனை, நீர் எவ்வளவு உண்டு என்று முன்கூட்டியே கூறும் பிரதேசத் திட்டம் ஒன்றினால்தான் முடியும். உள்ளூர்த் திட்டமிடல் ஏன் தேவை என்று கேட்டால் இந்த விளக்கத்தையே எழுதுங்கள்.

எல்லை பற்றியும் ஒன்று கூற வேண்டும். மேற்குச் சரிவு ரத்தோட்டைப் பிரதேசம். பிட்டவல, இலுக்கும்புர, சேர எல்ல என்பன லக்கல–பல்லேகமப் பிரதேசம். பயணிக்கு இந்த எல்லை தெரியாது. ரத்தோட்டைக் கடையில் வாங்கிய பிஸ்கற் உறை லக்கலவில் விழும். ஆகவே இரண்டு பிரதேச சபைகளும் வெவ்வேறாகத் திட்டம் வகுத்தால் அது அரைத் திட்டமே.

இத்துடன் மற்றொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதேச சபைகளைச் செயலாளர்கள் நிர்வகித்தனர். அன்றாட வேலைகள் நடைபெற்றன. ஆனால் "எங்கள் கிராமத்துக்கு ஏன் மலசலகூடம் கட்டவில்லை?" என்று கேட்பதற்கு ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. மத்திய மாகாண சபையின் காலமும் 2018 இல் முடிவடைந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. குடியியற் கல்வியில் "மக்கள் பங்கேற்பு" என்று படிக்கின்றீர்கள் அல்லவா? அது இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் இல்லை.

பணம் செல்லும் வழி

இப்போது பணத்திற்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருநாகலிலிருந்து ஐம்பது பேருடன் ஒரு பஸ் ரிவர்ஸ்டனுக்கு வருகின்றது என்று கற்பனை செய்யுங்கள். சோற்றுப் பொதிகள் வீட்டிலேயே கட்டப்பட்டவை. டீசல் வழியில் ஏதோவொரு நகரத்தில் நிரப்பப்பட்டது. காட்டுப் பகுதிக்குள் நுழைவதற்கு வாங்கும் சீட்டின் பணம் வனப் பாதுகாப்புத் திணைக்களம் அறவிடுவது; அது மத்திய அரசின் வருமானம். வீதியோரத்தில் சிலர் தேநீர் குடிப்பர், அவித்த சோளம் வாங்குவர். அந்தச் சிறு தொகை உள்ளூர்க் குடும்பம் ஒன்றைச் சேரும். மாலையில் பஸ் திரும்பிவிடும். இரவு தங்குவோர் இல்லாததால் விடுதி வருமானமும் இல்லை.

இவர்கள் விட்டுச்செல்வது என்ன? சோற்றுப் பொதியின் லன்ச் சீற்றுகள், போத்தல்கள், கழிவறைத் தேவை, வாகன நெரிசல். இவற்றைக் கவனிக்க வேண்டியது பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், தன் பொறுப்பிலுள்ள வீதிகள் ஆகியவற்றை அதனிடம் ஒப்படைத்துள்ளது. ஆக, வருமானம் ஒரு கையில், செலவு மறு கையில். இந்த இடைவெளியை நிரப்பாத எந்தத் திட்டமும் நிலைபேறானதன்று என்பது எமது கருத்து.

பிரதேச சபைக்குச் சொந்த வருமானம் இல்லையா? உண்டு. மதிப்பீட்டு வரி (இதனையே சோலைவரி என்றும் கூறுவர்), ஏக்கர் வரி, உரிமப்பத்திரக் கட்டணம், தொழில் வரி, சந்தை வாடகை முதலியன அதன் வருவாய்கள். முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியன மாகாண சபையூடாகக் கிடைக்கின்றன. சம்பளத்திற்கு அரச மானியம் வருகின்றது. ஆனால் மதிப்பீட்டு வரியை, விருத்தியடைந்த பகுதி எனப் பிரகடனம் செய்த இடங்களில் மட்டுமே அறவிடலாம். ஏக்கர் வரி நிலையான பயிர்ச்செய்கை நிலத்துக்கு உரியது. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடாகவும் மலையாகவும் உள்ள ஒரு பிரதேசத்தில் இவை எவ்வளவு தரும்? காடு வரி கட்டுவதில்லை. அழகான இடத்தில் அமைந்த பிரதேச சபை பெரும்பாலும் ஏழைச் சபையாக இருப்பதன் காரணம் இதுவே.

விடுதிகளிடமிருந்து வரும் வருமானத்தை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண உரிமப்பத்திரம் ஒன்றுக்கான உச்சக் கட்டணத்தை ஆண்டுக்கு 1,000 ரூபாவாக நிர்ணயித்தது. அக்காலத்தில் அது பெரிய தொகை. பணவீக்கத்தினால் பின்னர் மதிப்பிழந்தது. ஆனால் சுற்றுலா அதிகார நிறுவனத்தில் பதிவு பெற்ற ஹோட்டல், உணவகம், விடுதி என்பவற்றுக்கு அதே சட்டம் வேறு வழி கூறியது: முன்னைய ஆண்டு வரும்படியில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாத தொகையைச் சபை அறவிடலாம். ஒரு விருந்தினர் இல்லத்தின் ஆண்டு வரும்படி 40 இலட்சம் ரூபா என்று கொள்வோம். பதிவு பெறாவிட்டால் சபைக்கு உரிமக் கட்டணமாக ஆகக்கூடியது 1,000 ரூபா. பதிவு பெற்றால் 40,000 ரூபா வரை. குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்துக்கு எரிபொருள் வாங்க இந்த வேறுபாடு உதவும். ஆகவே சிறு விடுதிகளைப் பதிவு செய்யத் தூண்டுவதும், விண்ணப்பம் நிரப்ப உதவுவதும்கூட ஒரு நிதி நடவடிக்கையே. வினாத்தாளில் இதனை எழுதும் மாணவர் அரிது.

இதனைவிட மத்திய மட்டத்திலும் ஒரு நிதி உண்டு. 2003 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க நிதிச் சட்டம் பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனங்களின் மொத்தப் புரள்வில் 1 சதவீத அபிவிருத்தி அறவீட்டை விதித்தது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் சுற்றுலா அபிவிருத்தி நிதியத்தை ஏற்படுத்தி இவ்வறவீட்டையும் விமான நிலையப் புறப்பாட்டு வரியின் ஒரு பகுதியையும் அதற்கு வழங்கியது. வெளிநாட்டில் இலங்கையை விளம்பரம் செய்தல், பயிற்சி அளித்தல் போன்றவற்றுக்கு இந்நிதியம் பயன்படுகின்றது. ஆனால் ரிவர்ஸ்டனுக்கு வரும் பயணிகளில் பெரும்பாலானோர் உள்நாட்டவர். அவர்கள் விமானத்தில் வருவதில்லை, பலர் விடுதியில் தங்குவதுமில்லை. அதனால் இந்த ஏற்பாட்டின் வலையில் அவர்கள் சிக்குவதில்லை. வெளிநாட்டுப் பயணியை மனதிற் கொண்டு அமைத்த நிதிமுறை உள்நாட்டுப் பகல்நேரப் பயணியைக் காண்பதில்லை என்று சுருக்கமாகக் கூறலாம்.

வெளிநாட்டுப் பயணியை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்தே. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 2019 ஏப்பிரல் குண்டுத் தாக்குதல்களுக்கும் 2020 இன் பெருந்தொற்றுக்கும் பின்னர் 2020 இல் வந்தவர்கள் ஏறக்குறைய 5 இலட்சம் மட்டுமே. கட்டணத்திலிருந்து மட்டும் சம்பளம் பெறும் காவலாளி அவ்வாறான ஆண்டில் என்ன செய்வார்? எனவே நல்ல ஆண்டின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் விதியும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

நேபாளம் செய்தது

இதே பிரச்சினையை நேபாளம் வேறுவிதமாக அணுகியது. அங்கு தேசியப் பூங்காச் சட்டம் 1993 இல் திருத்தப்பட்டு, பூங்காக்களைச் சூழ இடைவலயங்கள் அமைக்க வழி செய்யப்பட்டது. பூங்கா ஈட்டும் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை அவ்விடைவலய மக்களின் அபிவிருத்திக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. அதனைச் செலவிடுவதில் மக்களின் பயனாளர் குழுக்களுக்குப் பங்குண்டு. அன்னபூர்ணாப் பகுதியில் 1986 இல் தொடங்கிய பேணல் திட்டத்தில், மலையேறுவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அப்பகுதியின் பேணலுக்கும் கிராம வேலைகளுக்கும் பயன்படுத்தப்பட்டது.

நுழைவுச் சீட்டில் ஒரு பங்கு தம் கிராமத்துப் பாதைக்கும் பாடசாலைக்கும் வருகின்றது என்று தெரிந்தால், காட்டைக் காப்பதில் கிராமவாசிக்கும் அக்கறை உண்டாகும். நக்கிள்ஸைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. முன்னர் காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் பாதுகாப்புச் சட்டங்களினால் அத்தொழிலை இழந்தனர். காட்டினால் இழந்தவர்களுக்குக் காட்டினால் கிடைக்க வேண்டியது என்ன என்ற கேள்வி நியாயமானது. பணம் பகிர்ந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால் அது குழுத் தலைவர்களுடனேயே நின்றுவிடும்.

தோட்ட மக்களின் பங்கு

ரத்தோட்டையிலிருந்து ஏறும் வழியில் தோட்ட லயன்களைக் காண்பீர்கள். சுற்றுலா வீதி அவர்களின் வாசலால் செல்கின்றது. ஆனால் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபையின் நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக விளங்கியது. வாக்களிக்கலாம், ஆனால் சபையினால் ஒரு பாதை போட்டுக்கொள்ள முடியாது என்ற விசித்திரமான நிலை. 2018 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் இத்தடையை நீக்கியது. எனவே ரிவர்ஸ்டனுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம் வகுக்கும்போது தோட்ட இளைஞர் வழிகாட்டியாகப் பயிற்சி பெறவும், தோட்டப் பெண்கள் உணவு விற்கும் நிலையம் அமைக்கவும் சபையின் பாதீட்டிலேயே இடம் கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 8.9 ஆம் இலக்கு கூறுவதும் இதுவே: தொழில் வாய்ப்பை உருவாக்கி உள்ளூர்ப் பண்பாட்டையும் உற்பத்திகளையும் வளர்க்கும் சுற்றுலா.

கேட்பதற்கும் வழி உண்டு. பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் சபையில் நிறைவேற்றப்பட வேண்டும். அதன் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கின்றார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "சென்ற ஆண்டு வாகனத் தரிப்பிடக் கட்டணமாகக் கிடைத்தது எவ்வளவு, அதில் கழிவகற்றலுக்குச் செலவானது எவ்வளவு?" என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

பயிற்சி வினா

உமது மாவட்டத்தில் உள்நாட்டுப் பயணிகள் அதிகம் வரும் ஓர் இயற்கை இடத்தைத் தெரிவு செய்க.

(அ) அவ்விடம் தொடர்பாக அதிகாரம் கொண்ட நிறுவனங்கள் மூன்றையும் அவற்றின் பணிகளையும் குறிப்பிடுக.

(ஆ) அங்கு பயணி ஒருவர் செலவிடும் பணத்தில் பிரதேச சபைக்குக் கிடைப்பது எது, கிடைக்காதது எது எனக் காட்டுக.

(இ) இவ்விடைவெளியைக் குறைப்பதற்கு இரு வழிகளை முன்வைத்து, ஒவ்வொன்றையும் நடைமுறைப்படுத்துவதில் ஏற்படக்கூடிய ஒரு சிரமத்தையும் விளக்குக.

குறிப்பு: (இ) பகுதிக்கு விடை எழுதும்போது "அரசாங்கம் செய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுதாது, எந்த நிறுவனம், எந்த வருமானத்தைக் கொண்டு என்பதையும் குறிப்பிடுக.